திருவாடைகளின் சரித்திரம் – 7: ஆங்கில ஊசியின் கீர்த்தி

சிசிலியின் தலைநகராகிய பாலெர்மோவில், அரசன் இரண்டாம் ரோஜருக்காக 1133-34இல் தைத்து முடிக்கப்பெற்ற செம்பட்டுப் போர்வையோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தினோம். இனி அந்தத் தென்கடல் வெயிலை விட்டு, மழையும் மூடுபனியும் மிகுந்த இங்கிலாந்துக்குச் செல்லவேண்டியிருக்கிறது. பட்டுப்பூச்சி வளர்த்தறியாததும், கம்பளியையே தன் பெருஞ்செல்வமாகக் கொண்டிருந்ததும், பட்டுநூலைக் கடல் கடந்து வரும் வியாபாரிகளிடம் விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலையில் இருந்ததுமான அந்தத் தேசம், பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுக்காலம், திருச்சபையின் பூத்தையல் கலையில் ஐரோப்பா முழுவதற்கும் தலைமை தாங்கிற்று என்பது சரித்திர விநோதங்களுள் ஒன்று.

இந்தக் கீர்த்திக்குச் சிறந்த சாட்சியாக நிற்பது ஒரு சந்நியாசியின் முணுமுணுப்பு. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்திலிருந்து தம் காலத்து நடப்புகளை எழுதிவைத்த மத்தேயு பாரிஸ், 1246ஆம் ஆண்டின் செய்திகளிடையே இதனையும் குறித்திருக்கிறார். ஆங்கிலக் குருமார் சிலர் அணிந்து வந்த மேலாடைகளிலும் முடித்தொப்பிகளிலும் பொன்னிழைப் பட்டைகள் மின்னுவதைக் கண்ட பாப்பரசர் நான்காம் இன்னோசென்ட், அவை எங்கே செய்யப்பட்டவை என்று வினவி, இங்கிலாந்தில் என்று அறிந்ததும், அந்நாட்டுச் சிஸ்டர்சியன் மடாதிபதிகளுக்குக் கடிதம் விடுத்து, அத்தகைய வேலைப்பாடுகளைத் தமக்குத் தருவித்து அனுப்புமாறு பணித்தாராம். மடங்கள் அவற்றைக் காசில்லாமல் பெற்றுவிடலாம் என்பதுபோல எழுதினார் என்பது மத்தேயுவின் குறை. ரோமாபுரியின் பேராசையைக் கண்டிக்கும் சந்தர்ப்பம் எதனையும் அவர் கைவிடுகிறவர் அல்லர். ஆயினும் போகிற போக்கில் அவர் சேர்த்திருக்கும் ஒரு செய்தியே நமக்கு முக்கியமானது: இத்தையல்களை விற்றுவந்த லண்டன் வியாபாரிகளுக்கு இந்தக் கடிதம் சிறிதும் வருத்தம் தரவில்லை, தாங்கள் சொன்ன விலைக்கே விற்றார்கள். மடாதிபதிகளிடம் கேட்ட பொருள் கடைத்தெருவிலிருந்து போயிற்று என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இந்த ஆசை எவ்வளவு வளர்ந்தது என்பதைப் பாப்பரசரின் பொக்கிஷக் கணக்கே காட்டுகிறது. 1295இல் எழுதப்பட்ட பட்டியலில், 'ஓபுஸ் ஆங்கிலிகானும்', அதாவது ஆங்கில வேலை, என்று குறிக்கப்பட்ட உருப்படிகள் நூற்றுக்கு மேற்பட்டவை. பாப்பரசர்கள் தாங்கள் பெற்றதைப் பிறருக்கும் வழங்கினார்கள். நான்காம் நிக்கோலாஸ் 1288இல் தம் சொந்தப் பிரதேசத்தைச் சேர்ந்த அஸ்கோலி பிச்சேனோ நகரத்துப் பேராலயத்துக்கு, பாப்பரசர்களின் உருவங்கள் வரிசையாகத் தைக்கப்பெற்ற மேலாடையொன்றைக் கொடுத்தார். எட்டாம் போனிபாஸ் அனாஞி ஆலயத்துக்குக் கொடுத்தவையும் உண்டு. இந்த மோஸ்தர் ஓய்ந்து நூறாண்டு சென்ற பிறகு, 1462இல், இரண்டாம் பயஸ் தம் பெயரால் நிறுவிய பியென்ஸா நகரத்துக்கு அளித்த காணிக்கையிலும் ஓர் ஆங்கில மேலாடை இருந்தது. இன்று அந்தக் கலையின் சிறந்த மாதிரிகளைக் காண விரும்புகிறவன் இங்கிலாந்தில் தேடுவதைவிட இத்தாலியிலும் ஸ்பெயினிலும் தேடுவதே மேல் என்னும் நிலை இவ்வாறு உண்டாயிற்று. அவ்வாறானதற்கு வேறொரு துயரமான காரணமும் உண்டு. அதனைப் பின்னர் காண்போம்.

ஆடைகளின் அமைப்பைக் குறித்து இங்கே இரண்டொரு வார்த்தை. பூசை வேளையில் குருவானவர் எல்லா உடைகளுக்கும் மேலாகத் தலைவழியே அணிவது பூசையாடை. கழுத்திலிருந்து இருபுறமும் தொங்குவது நீண்ட தோள்பட்டை. சுற்றுப்பிரகாரங்களிலும் பெருவிழாக்களிலும் தோள்மேல் போர்த்து மார்பில் கொக்கியிட்டுக்கொள்வது அரைவட்ட மேலாடை. அக்காலத்துக் குருவானவர் பீடத்தை நோக்கி நின்று பூசை செய்தபடியால் ஜனங்களின் பார்வைக்குப் பெரும்பாலும் பட்டது அவருடைய முதுகுதான். எனவே பூசையாடையின் தலையாய சித்திரங்கள் முதுகுப்புறத்தில் இடம்பெற்றன. அரைவட்ட மேலாடையிலோ சிக்கல் பெரிது. துணியை விரித்து வைத்தால் சாய்ந்தும் படுத்தும் தோன்றும் உருவங்கள், தோளில் போர்த்தியவுடன் நிமிர்ந்து நிற்கவேண்டும். ஆகையால் கழுத்தை மையமாகக் கொண்டு, சக்கரத்தின் ஆரங்களைப்போலச் சித்திரங்களை வரைந்தார்கள். உடுத்தியவன் நடக்கும்போதுதான் அந்த வரைபடத்தின் நியாயம் விளங்கும். பொருட்காட்சிசாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்துவைக்கப்பட்டிருக்கும் மேலாடை, அது எவ்வளவு உயர்ந்ததாயினும், பாதி ஊமையாக்கப்பட்ட பொருளே.

ஆங்கிலேயரின் ஊசித்திறன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் திடீரென்று முளைத்ததன்று. அர்ச்சியசிஷ்ட கத்பெர்ட்டின் கல்லறையை 1827இல் டர்ஹாம் பேராலயத்தில் திறந்தபோது, உடலோடு வைக்கப்பட்டிருந்த தோள்பட்டையும் கைப்பட்டையும் வெளிப்பட்டன. அவற்றிலே தைக்கப்பட்டிருந்த எழுத்துகள், ஆல்பிளாட் அரசி செய்வித்தாள் என்றும், வின்செஸ்டர் மேற்றிராணியார் பிரித்ஸ்டானுக்காகச் செய்விக்கப்பட்டது என்றும் தெரிவித்தன. ஆகவே அவை 909க்கும் 916க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் உருவானவை என்று வரையறுக்க முடிந்தது. தீர்க்கதரிசிகளின் மெலிந்த நீண்ட உருவங்கள், அவற்றைச் சுற்றிப் பொன்னிழைத் தளம். பல நூற்றாண்டுகள் மண்ணறையில் கிடந்தும் அந்தப் பொன் கறுக்கவில்லை.

இனி, இவ்வேலையைச் செய்தவர் யார் என்னும் கேள்வி. மடத்துச் சாளரத்தடியில் அமர்ந்து, செபமாலைக்கும் ஊசிக்கும் இடையே வாழ்நாளைக் கழித்த கன்னியாஸ்திரீகளே இதற்குக் காரணர் என்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் எழுத்தாளர்கள் பக்தி ததும்ப வருணித்தார்கள். அந்தச் சித்திரம் இன்றும் பலர் மனத்தைவிட்டு அகலவில்லை. கன்னியாஸ்திரீகள் தைத்ததும் மெய்யே. ஆனால் பாப்பரசரைக் கவர்ந்த தரத்தில், அவர் கேட்ட அளவில், இந்த வேலையைச் செய்துகொடுத்தவை லண்டன் நகரத்துப் பட்டறைகள். அங்கே ஆடவரும் பெண்டிரும் கூலிக்கு வேலை செய்தார்கள். மூலப்பொருளை வாங்கவும், ஆண்டுக்கணக்கில் முதலை முடக்கி வைக்கவும் வல்ல வணிகர்கள் பின்னால் நின்றார்கள். மூன்றாம் ஹென்றி மன்னனின் கணக்குகளில் இதற்குச் சான்று உண்டு. 1271இல் முடிவுற்ற வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயப் பீட முகப்புத்துணிக்கு நான்கு பெண்கள் மூன்றே முக்கால் ஆண்டு வேலை செய்தார்கள்; அவர்களுக்குக் கொடுத்த கூலி 36 பவுன். அதே துணிக்கு வாங்கிய முத்துகளுக்கு ஆன செலவு அந்தக் கூலியைக் காட்டிலும் மிகுதி. அந்த நால்வரின் பெயரைக் கணக்கெழுதியவன் குறிக்கவில்லை.

பெயர் தப்பிப் பிழைத்தவர்களும் ஓரிருவர் உளர். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரைச் சேர்ந்த மேபல் என்பவள் 1239 முதல் சில ஆண்டுகள் அதே ஹென்றி மன்னனுக்காகப் பூசையாடையும் கொடியும் தைத்துக் கொடுத்தாள். கொடியின் அமைப்பை அவளுடைய விவேகத்துக்கே விட்டுவிடலாம் என்ற அளவுக்கு அரசனுக்கு அவளிடம் நம்பிக்கை இருந்தது. பல ஆண்டு கழித்து, 1256இல், அவ்வூருக்குச் சென்ற மன்னன் அவளை மறவாமல், நெடுங்கால ஊழியத்துக்காக ஓர் அங்கிக்கு வேண்டிய துணியும் முயல்தோலும் கொடுக்க உத்தரவிட்டான். பிறருக்குப் பொன்னாடை தைத்தவளுக்கு முயல்தோல் அங்கி. அது அக்காலத்து நிலையில் சிறிய மரியாதை அன்று. மற்றொருத்தி, லண்டன் வணிகன் ஜான் பர்ஃபர்டின் மனைவி ரோஸ். இரண்டாம் எட்வர்டின் அரசி இஸபெல்லா, பவளம் பதித்த மேலாடையொன்றை இவளிடம் 100 மார்க் விலைக்கு வாங்கிப் பாப்பரசருக்கு அனுப்பினாள். ரோஸ் தன் கையால் தைத்தாளா, தைப்பவர்களை வைத்து வேலை வாங்கினாளா என்று கேட்பது அவ்வளவு பயனுள்ள கேள்வியன்று. வியாபாரமும் கைவினையும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த வீடு அது.

இத்தையலின் உயிர்நிலை அதன் பின்புறத்தில் இருக்கிறது. கெட்டியான லினன் துணியைச் சட்டத்தில் இறுக்கி, அதன்மேல் மையால் உருவங்களை வரைந்துகொள்வார்கள். பொன்னிழை என்பது, மெல்லியதாகத் தட்டிப் பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டை நாடாவாக நறுக்கி, பட்டுநூல்மேல் சுற்றியது. நம் காஞ்சிபுரத்துத் தறிகாரர்கள் கையாளும் ஜரிகையும் இதே இனத்தது என்றால் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். இத்தகைய இழையை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் தகடு உரிந்து போகும். ஆகையால் அதைத் துணியின்மேல் கிடத்தி, வேறு நூலால் குறுக்கே கட்டி நிறுத்துவதே உலகெங்கும் வழக்கம். ஆங்கிலேயர் அந்தக் கட்டுநூல் வெளியே தெரியாதபடி செய்தார்கள். துணிக்குப் பின்னாலிருந்து லினன் நூல் கோத்த ஊசியை மேலே கொணர்ந்து, பொன்னிழையைச் சுற்றி, வந்த துளைவழியே மீண்டும் கீழே செலுத்திச் சுண்டி இழுப்பார்கள். அந்தச் சுண்டலில் பொன்னிழை மயிரளவு வளைந்து துளைக்குள் இறங்கிப் பின்புறத்து நூலில் மாட்டிக்கொள்ளும். மேற்பரப்பில் நூலே இராது. இடைவெளியற்ற பொற்றகடு போன்ற பளபளப்பும், வளைவுகள் இறங்கிய இடங்களில் ஊசிமுனையளவு குழிகளுமே தென்படும். அந்தக் குழிகளை இடம் மாற்றி அமைத்துச் சாய்கோடுகள், கட்டங்கள், கொடிகள் முதலிய கோலங்களையும் பொன்பரப்பிலேயே எழுப்பினார்கள்.

இதன் பயன் அழகு மாத்திரமன்று. ஒவ்வொரு குழியும் ஒரு மடிப்புக்கு இடங்கொடுப்பதால், தகடுபோல் விறைத்து நிற்கவேண்டிய பொற்பரப்பு துணியின் குணத்தை இழவாமல் உடலைத் தழுவி விழுந்தது. கட்டுநூல் உராய்வுக்கு அகப்படாமல் உள்ளே மறைந்து கிடந்தமையால் தையலும் எளிதில் தேயவில்லை. ஆனால் இம்முறை தின்னும் காலத்துக்கு அளவில்லை. ஒரு விரல் நகத்தின் பரப்பை நிரப்பவே எத்தனையோ முறை ஊசி ஏறி இறங்கவேண்டும். அதற்குள் எந்த ஒரு சுண்டலும் மிகையாகிவிட்டால் பொன்னிழை அறுந்துவிடும், குறையாகிவிட்டால் மேலே புடைத்து நிற்கும்.

முகங்களில் பொன்னுக்கு வேலை இல்லை. அங்கே முறுக்கற்ற பட்டிழையைக் கொண்டு, முன்தையலின் இழையைப் பிளந்து அடுத்த தையல் எழும்படி சிறுசிறு தையல்களாக இட்டார்கள். கன்னத்தின் நடுவில் தொடங்கிச் சுழி சுழியாக வெளியே விரிவது அவர்கள் முறை. பட்டின் ஒளி இழை செல்லும் திசைக்கேற்ப மாறும் ஆதலால், ஒரே நிறத்துப் பட்டிலேயே கன்னம் உப்பியும் கண்குழி தாழ்ந்தும் தோன்றும். தலைமயிரையும் தாடியையும் இரண்டு நிறங்களை மாற்றி மாற்றி அலையலையாகத் தைத்தார்கள்; நீலமும் வெள்ளையும் கலந்த தாடியுடைய அப்போஸ்தலர்களை ஓவியத்தில் கண்டால் நகைக்கத் தோன்றும், தையலில் கண்டால் தோன்றுவதில்லை.

இவ்வளவையும் ஒரே இடத்தில் காண விரும்புவோருக்கு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலையில் உள்ள சியோன் மேலாடையைக் காட்டலாம். 1300க்கும் 1320க்கும் இடையே தைக்கப்பட்ட இது சுமார் மூன்று மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உடையது. லினன் துணியின் ஓர் இழைகூட வெளித்தெரியாதபடி, பச்சையும் இன்று வெளிறிப்போன செம்மையும் ஆகிய பட்டுத் தையலால் தளம் முழுவதும் மூடப்பட்டிருக்கிறது. ஒன்றோடொன்று பின்னிய நான்கிதழ்க் கட்டங்களுள், முதுகின் நடுவே மேலிருந்து கீழாகத் தேவமாதா முடிசூடுதலும், சிலுவைப்பாடும், சர்ப்பத்தை மிதித்து ஈட்டியால் குத்தும் அதிதூதர் மிக்கேலும் இடம்பெற்றுள்ளனர். இருமருங்கிலும் தேவமாதாவின் மரணம், உயிர்த்த ஆண்டவர் மதலேன் மரியாளுக்குத் தோன்றுதல், நம் மயிலாப்பூரோடு மரபு சேர்த்துப் பேசும் தோமையார் விலாக்காயத்தில் விரலிடுதல் ஆகிய காட்சிகளும், அப்போஸ்தலர் பலரும் காணப்படுகின்றனர். கட்டங்களுக்கு இடைப்பட்ட மூலைகளில், ஆறு சிறகு படைத்த சம்மனசுகள் சக்கரங்களின்மேல் நிற்கின்றன. தோமையாரின் தயக்கமும் மதலேனின் ஆவலும் கைவிரல்களில் தெரிகின்றன. ஊசியால் இதற்குமேல் சொல்ல முடியாது என்றே எனக்குப் படுகிறது.

இத்தகைய உன்னதம் நெடுங்காலம் நிற்கவில்லை. சமயப் புரட்சியே இக்கலையைக் கொன்றது என்று கத்தோலிக்க ஆசிரியர்கள் எழுதுவது வழக்கம்; அவர்களுடைய வருத்தம் நியாயமானதே எனினும் சரித்திரம் அதனை முழுவதும் ஆதரிக்கவில்லை. 1348-49இல் லண்டனைச் சூறையாடிய கொள்ளைநோய் பயின்ற கைகளை வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சியவர்களின் கூலி ஏறிற்று. அதே சமயம் இத்தாலியிலிருந்து வெல்வெட்டும் பூவேலைப் பட்டும் தாராளமாக வந்து இறங்கின. தளம் முழுவதையும் தையலால் மூடவேண்டிய அவசியம் போயிற்று. உருவங்களை லினனில் தனித்தனியே தைத்துக் கத்தரித்து, வெல்வெட்டின்மேல் ஒட்டித் தைத்துவிட்டால் பல மாத உழைப்பு மிச்சம். பொன்னிழையின் மறைகட்டு மெல்ல மெல்ல மறந்து, மேற்கட்டே வழக்கமாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் பூசையாடைகளில் ஒரே வார்ப்பான மலர்களும் ஒரே வார்ப்பான சம்மனசுகளும் திரும்பத் திரும்ப வருவதைக் காணும்போது, வாங்குவோர் தொகை பெருகி, வேலையின் தரம் குறைந்த கதையை வேறு யாரும் சொல்லவேண்டியதில்லை. வியாபாரத்தால் உயர்ந்த கலை வியாபாரத்தின் நியதியாலேயே தாழ்ந்தது.

சமயப் புரட்சி அழித்தது கலையையன்று, அதன் கருவூலத்தை. எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களை மூடினான். அவன் மகன் ஆறாம் எட்வர்டின் 1552ஆம் ஆண்டுப் பிரார்த்தனைப் புத்தகம் பழைய திருவாடைகளை விலக்கிற்று. அரசாங்க அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று கோயில் உடைமைகளைப் பட்டியலிட்டார்கள். பொன்னிழை ஆடைகளில் பல நெருப்பிலிடப்பட்டன. துணி எரிந்தபின் சாம்பலில் எஞ்சிய உலோகத்தைத் திரட்டுவதற்காக. எரிக்கப்படாதவை மேஜை விரிப்பாகவும் கட்டில் திரையாகவும் மெத்தை உறையாகவும் மாறின. ஹார்ட்விக் மாளிகையில் இன்றும் தொங்கும் பெரிய திரைகளில் பண்டைக்கால வீரப்பெண்டிரின் உருவங்கள் உள்ளன. அவர்கள் உடுத்தியிருக்கும் பட்டும் வெல்வெட்டும், மடங்களின் மேலாடைகளை வெட்டி எடுத்தவை.

தப்பியவை தப்பிய விதம் பலவகை. 1415இல் ஐந்தாம் ஹென்றி நிறுவிய சியோன் மடத்தின் பிரிஜித்தீன் கன்னியர்கள் தங்கள் மேலாடையைச் சுமந்துகொண்டு நாடுவிட்டு நாடாக அலைந்து, 1594இல் லிஸ்பன் நகரில் தங்கினார்கள்; அங்கிருந்து அது தாய்நாடு திரும்பியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பொருட்காட்சிசாலை அதைப் பெற்றது 1864இல். உள்நாட்டிலேயே பழைய விசுவாசத்தைக் கைவிடாத குடும்பங்கள் சில, அபராதத்துக்கும் சிறைக்கும் அஞ்சாமல், ஆடைகளைப் பெட்டிகளில் மறைத்து வைத்தன. பட்லர்-பௌடன் குடும்பத்தாரிடம் இருந்த செவ்வெல்வெட் மேலாடை துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் பூசையாடையாகவும் பிற உருப்படிகளாகவும் மாறியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்துண்டுகளை மீண்டும் பொருத்தினார்கள். 1955இல் அது தேசத்தின் உடைமையாயிற்று. அதன் உடன்பிறப்பு என்னத்தக்க சிச்செஸ்டர்-கான்ஸ்டபிள் பூசையாடை 1927இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. ரகசியப் பூசைக்குச் சிறிய ஆடையே போதும். பெரிய மேலாடைகளைக் கத்தரித்த கைகளைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

குறைகூறத்தக்க கத்தரிக்கோல் ஒன்று உண்டு. ஆகன் நகரத்துக் குருவாகிய பிரான்ஸ் பொக் பழைய திருவாடைகளின் மதிப்பை உலகுக்கு உணர்த்திய அறிஞர். அவரே தாம் சேகரித்த அரிய துணிகளை வெட்டி, ஒரு துண்டு இந்தப் பொருட்காட்சிசாலைக்கு, மறுதுண்டு அந்தப் பொருட்காட்சிசாலைக்கு என்று பகிர்ந்து விற்றார். ஒரே ஆடையின் பாகங்கள் பல தலைநகரங்களில் சிதறிக் கிடப்பதற்கு இந்தக் கல்விமானே பொறுப்பாளி. அஸ்கோலி மேலாடையின் கதை நல்லவிதமாக முடிந்தது. 1902இல் பேராலயத்திலிருந்து களவுபோன அதனை, களவுப் பொருள் என்று அறியாமல் அமெரிக்கச் செல்வர் ஜே. பி. மார்கன் விலைக்கு வாங்கி, லண்டனில் காட்சிக்கு வைத்தார். உண்மை வெளிப்பட்டதும் 1904இல் இத்தாலிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

2016 அக்டோபரில் லண்டனில் இக்கலைக்கென்று ஒரு பெருங்கண்காட்சி நடந்தது; அதற்கு முந்தியது 1963இல் நடந்தது. இரண்டுக்கும் இடையே ஐம்பத்துமூன்று ஆண்டுகள். துணி ஒளியைத் தாங்காது ஆகையால் இவற்றை அடிக்கடி வெளியே எடுக்கும் வழக்கமில்லை. லண்டனுக்குச் செல்லும் வாசகர்கள், கண்காட்சிக்குக் காத்திராமல், சியோன் மேலாடையை அது காட்சியில் இருக்கும்போதே பார்த்துவிடுவது நலம். வெடிமருந்துச் சதியில் தந்தையைப் பறிகொடுத்து, ரகசியமாகச் சேசு சபையாருக்குத் திருவாடைகள் தைத்துத் தந்த ஹெலனா வின்டரின் வரலாற்றை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.